மாவும் முந்திரியும்

தலைப்பைப் படித்தவுடன் மாம்பழமும் முந்திரிப் பருப்பும் நினைவுக்கு வந்து நாவில் நீர் ஊறினால், அதற்கு நாம் பொறுப்பல்ல. இவ்விரண்டும் இங்கே தின்பண்டங்கள் அல்ல. நம் தஞ்சை மண்ணின் கணக்குச் சொற்கள்.

"நமக்கு எட்டு மா நிலம் இருக்கிறது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். "வேலை முக்காலே மூணு வீசம் முடிந்துவிட்டது" என்று பாட்டி சொல்வதையும் கேட்டிருக்கிறோம். எட்டு மா என்றால் எவ்வளவு? முக்காலே மூணு வீசம் என்றால் எவ்வளவு? கேட்டால் விழிக்கிறோம்.

பெருக்கல், காரணி இணைகள், இடமதிப்பு ஆகிய மூன்றையும் கீழ்வகுப்புகளிலேயே படித்துவிடுகிறோம். தேர்வு முடிந்ததும் அவற்றின் வேலையும் முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். ஆனால் நம் வீட்டு வயலில் அவை இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஒரு குடும்பத்தில் அவரவர்க்கு உரிய பங்கு சரியாகக் கிடைக்கிறதா என்பது பல வேளைகளில் இம்மூன்றையே பொறுத்திருக்கிறது. எவ்வாறு என்பதைக் காண்போம்.

கோலும் குழியும்

தஞ்சைப் பக்கத்து வழக்கில் நிலம் அளக்கும் கோலின் நீளம் 12 அடி. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உள்ள சதுரம் ஒரு குழி. 12ஐ 12ஆல் பெருக்கினால் 144. ஆகவே ஒரு குழி 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. அப்படியானால் ஒரு மா 14,400 சதுர அடி. ஒரு வேலி 2,000 குழி, அதாவது 2,88,000 சதுர அடி. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. மூன்று மாவைக் கூட்டினால் 43,200 சதுர அடி வருகிறது. "மூணு மா ஓர் ஏக்கர்" என்று ஊரில் சொல்வது இதனால்தான். வேறு சில பகுதிகளில் குழிக்கும் மாவுக்கும் வேறு அளவு உண்டு. நாம் பேசுவது நம் பக்கத்து அளவு.

இப்போது ஒரு வயலை அளப்போம். நீளம் 24 கோல், அகலம் 15 கோல். எத்தனை குழி? 24 என்பது 20ம் 4ம். 15 என்பது 10ம் 5ம். வயலின் படத்தை வரைந்து, நீளத்தில் ஒரு கோடும் அகலத்தில் ஒரு கோடும் இழுத்தால் வயல் நான்கு துண்டுகளாகிறது. 20 × 10 = 200. 20 × 5 = 100. 4 × 10 = 40. 4 × 5 = 20. நான்கையும் கூட்டினால் 360 குழி. நாம் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிச் செய்யும் பெருக்கலும் இதுவேதான். அங்கே துண்டுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை, இங்கே தெரிகின்றன.

சரி, 360 குழி எத்தனை மா? வகுக்கவே வேண்டாம். நூறு குழி ஒரு மா ஆகையால், நூறின் இடத்தில் நிற்கும் 3தான் மா. மிச்சம் 60 குழி. 3 மா 60 குழி என்று எழுதிவிடலாம். எண் நிற்கும் இடமே நமக்கு விடை சொல்லிவிடுகிறது. இதுதான் இடமதிப்பு.

பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. 360 என்பதை ௩௱௬௰ என்று, அதாவது மூன்று, நூறு, ஆறு, பத்து என்று எழுதினார்கள். 306 என்பதை ௩௱௬ என்று எழுதினார்கள். இன்று நாம் பத்து, நூறு என்ற குறிகளை விட்டுவிட்டோம். அவற்றின் வேலையை இடமே செய்கிறது. வெற்றிடத்தைப் பூச்சியம் காக்கிறது. அந்தப் பூச்சியத்தை இடம் மாற்றி வைத்தால் 360 குழி 306 குழியாகிவிடும். 54 குழி, அதாவது அரை மாவுக்கும் மேற்பட்ட நிலம், ஒரு பூச்சியத்தின் பின்னே மறைந்துபோகும்!

ஒரே மா, ஐந்து வடிவம்

நூறு குழி உள்ள ஒரு மா நிலம் எந்த வடிவத்தில் இருக்கலாம்? 100இன் காரணி இணைகளை எழுதிப் பார்த்தால் விடை கிடைக்கும். 1 × 100, 2 × 50, 4 × 25, 5 × 20, 10 × 10. முழுக் கோல்களாக அளந்தால் இந்த ஐந்து நீள்சதுர வடிவங்கள்தாம் உண்டு.

பரப்பு ஐந்திலும் ஒன்றுதான். ஆனால் வரப்பு? 10 × 10 வயலைச் சுற்றி 40 கோல் வரப்பு. 5 × 20 வயலுக்கு 50 கோல். 4 × 25க்கு 58 கோல். 2 × 50க்கு 104 கோல். 1 × 100 என்று ஒரு வயல் இருந்தால் அதற்கு 202 கோல்! ஒவ்வொரு போகத்துக்கும் வரப்பு வெட்டிச் சேறு பூச வேண்டும். அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். வரப்புக்காக நிலத்தையும் இழக்க வேண்டும். சதுரத்துக்கு அருகே வருகிற வடிவமே உழவருக்குச் சிக்கனம்.

இதைத் திருப்பிப் பார்த்தால் ஓர் எச்சரிக்கையும் கிடைக்கிறது. "இரண்டு வயலையும் சுற்றி நடந்து பார்த்தேன்; இரண்டும் 40 கோல்தான்; மாற்றிக்கொள்வோமா?" என்று ஒருவர் கேட்டால் உடனே தலையாட்டிவிடக் கூடாது. 10 × 10 வயலின் சுற்றளவு 40 கோல். பரப்பு 100 குழி. 15 × 5 வயலின் சுற்றளவும் 40 கோல்தான். பரப்போ 75 குழி. 18 × 2 என்றால் வெறும் 36 குழி. நடந்த தூரம் ஒன்றாக இருந்தால் விளையும் நெல்லும் ஒன்றாக இருக்கும் என்று நம்பியவர் கால் மா, அரை மா என்று இழந்துவிடுவார். பெருக்கத் தெரிந்தவர் இழக்கமாட்டார்.

முந்நூற்றிருபதின் பெருமை

இனி ஒன்றுக்குக் கீழே இறங்குவோம். நம் முன்னோர் முழு ஒன்றை 320 பங்காக்கி, ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயரிட்டார்கள். 4 முந்திரி ஒரு காணி. அது 80இல் ஒரு பங்கு. 16 முந்திரி ஒரு மா. அது 20இல் ஒரு பங்கு. வேலியில் 20இல் ஒரு பங்காக இருப்பதால்தான் நிலத்தின் அளவுக்கும் மா என்றே பெயர். 20 முந்திரி ஒரு வீசம்; அது 16இல் ஒரு பங்கு. அதற்கு மாகாணி என்றும் பெயர். மாவின் 16ஐயும் காணியின் 4ஐயும் கூட்டினால் 20 வருகிறதல்லவா? பெயருக்குள்ளேயே கூட்டல் கணக்கு இருக்கிறது! 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் புதுக்காசு வரும்வரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. அதனால் ரூபாயில் மாகாணி என்றால் ஓரணா.

பாட்டியின் முக்காலே மூணு வீசத்தை இப்போது கணக்கிடலாம். முக்கால் 240 முந்திரி. மூன்று வீசம் 60 முந்திரி. ஆக 300. முழுமைக்கு இன்னும் 20 முந்திரி, அதாவது ஒரே ஒரு வீசம்தான் பாக்கி. பதினாறில் பதினைந்து பங்கு வேலை முடிந்துவிட்டது என்று பாட்டி மிகத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறார்!

அது ஏன் 320? அதன் காரணி இணைகளைப் பெயர்களோடு எழுதிப் பார்ப்போம்.

1 × 320: முழு ஒன்று, முந்திரி
2 × 160: அரை, அரைக்காணி
4 × 80: கால், காணி
5 × 64: நாலு மா, கால் வீசம்
8 × 40: அரைக்கால், அரை மா
10 × 32: இரு மா, அரை வீசம்
16 × 20: வீசம், மா

மொத்தம் ஏழு இணைகள், பதினான்கு காரணிகள். ஒவ்வொரு காரணிக்கும் ஒரு பெயர் உண்டு, ஒன்றுகூட விடுபடவில்லை. இன்னொரு அழகும் இருக்கிறது. 16இல் ஒரு பங்கான வீசத்தில் 20 முந்திரி. 20இல் ஒரு பங்கான மாவில் 16 முந்திரி. இணையில் உள்ள இரண்டு எண்களும் ஒன்றன் முகத்தை மற்றொன்று கண்ணாடியாகக் காட்டுகின்றன.

320ஐப் பாதியாக்கிக்கொண்டே போனால் 160, 80, 40, 20, 10, 5 என்று ஆறு முறை மிச்சமின்றிப் பாதியாகும். கயிற்றை இரண்டாக மடித்து, மீண்டும் மடித்துப் பங்கிடுவோருக்கு இது எவ்வளவு வசதி! முடிவில் நிற்கும் 5ஆல் ஐந்து பங்கும் பத்துப் பங்கும் கிடைத்துவிடுகின்றன.

அக்காலத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் இவற்றை வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். எண்களுக்குப் பொன்னிலக்கம், நெல் அளவைக்கு நெல்லிலக்கம், பெருக்கலுக்கு எண்சுவடி, நிலத்தின் பரப்புக்குக் குழிமாற்று என்று தனித்தனி வாய்பாடுகள் இருந்தன. சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்றவர்கள் பின்னே சொல்வார்கள். தாளும் பென்சிலும் இல்லாமலே பின்னங்களைப் பெருக்க அவர்களால் முடிந்தது.

கல்லில் எழுதிய கணக்கு

இந்தக் கணக்கு எவ்வளவு நுட்பமாக இருந்தது என்பதற்குச் சான்று நம் ஊரிலேயே நிற்கிறது. முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டில் கட்டி முடித்த பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், கோயிலுக்கு அளித்த ஊர்களின் நிலக்கணக்கு விரிவாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஓர் ஊரின் மொத்த நிலம் எவ்வளவு, அதில் ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு போன்ற வரியில்லா இடங்கள் எவ்வளவு, கழித்தது போக மீதி எவ்வளவு, அதற்குரிய நெல் எத்தனை கலம் என்று அக்கணக்கு செல்கிறது. நெல்லை அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். வரி ஏறத்தாழ வேலிக்கு நூறு கலம். வேலிக்கு 20 மா ஆகையால் மாவுக்கு 5 கலம். மீண்டும் ஒரு காரணி இணை!

இக்கல்வெட்டுகளில் "கீழ்" என்றொரு சொல் வருகிறது. முந்திரிக்கும் சிறிய மிச்சம் வந்தால், அந்த ஒரு முந்திரியையே புதிய ஒன்றாகக் கொண்டு, அதை மீண்டும் அரை, கால், மா, காணி, முந்திரி என்று பிரித்தார்கள். அப்பின்னங்களுக்கு முன்னே "கீழ்" என்று சேர்த்துக்கொண்டார்கள். கீழ் முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கில் 320இல் ஒரு பங்கு. 32 × 32 = 1,024; இரண்டு பூச்சியங்களைச் சேர்த்தால் 1,02,400. ஆகவே கீழ் முந்திரி 1,02,400இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே போகலாம். அதற்கும் கீழே போகலாம்.

நாம் ஒவ்வோர் இடத்துக்கும் பத்து மடங்காக மேலே ஏறுகிறோம். அவர்கள் ஒவ்வொரு கீழுக்கும் 320இல் ஒரு பங்காகக் கீழே இறங்கினார்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. அதே சொற்கள், ஆனால் நிற்கும் நிலைக்கு ஏற்ப மதிப்பு மாறுகிறது.

இவ்வாறு இறங்கி அவர்கள் தொட்ட மிக நுண்ணிய அளவாக வரலாற்று அறிஞர்கள் எடுத்துக்காட்டுவது, ஒரு வேலியில் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு! 320ஐ நான்கு முறை எழுதிப் பெருக்கி, வந்ததை 5ஆல் பெருக்கினால் இந்த எண் கிடைக்கும். பொறுமை உள்ளவர்கள் செய்து பார்க்கலாம். இன்றைய வேலியின் அளவை வைத்துப் பார்த்தால் அது ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டர். ஒரு கடுகு அடைக்கும் இடத்தைவிடவும் குறைவு. எந்தக் கோலாலும் அதை அளந்திருக்க முடியாது. அது பெருக்கலிலும் வகுத்தலிலும் பிறந்த மிச்சம். "சிறியதுதானே, போகட்டும்" என்று தள்ளிவிடாமல் கடைசிவரை எழுதி வைத்தார்களே, அந்த நேர்மைதான் நாம் வியக்க வேண்டியது.

மூன்று பேருக்கு எப்படி?

இத்தனை பெருமை வாய்ந்த 320க்கும் ஒரு குறை உண்டு. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் அது திணறிவிடும். 320ஐ 3ஆல் வகுத்தால் 106 முந்திரி வந்து 2 முந்திரி மிஞ்சும். அந்த 2 முந்திரி 640 கீழ் முந்திரி. அதை வகுத்தால் 213 வந்து 1 மிஞ்சும். இன்னும் கீழே போனால் மறுபடி 106, மறுபடி 213 என்று முடிவில்லாமல் தொடரும். நாம் 1ஐ 3ஆல் வகுத்து 0.333 என்று முடிக்க முடியாமல் எழுதிக்கொண்டே போகிறோமே, அதே கதைதான். காரணம் எளிது. 320 என்பது ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் சேர்ந்த பெருக்கல். 20, 100, 2,000 ஆகியவையும் இரண்டுகளாலும் ஐந்துகளாலும் ஆனவையே. அவற்றில் மூன்று இல்லை. காரணியில் இல்லாதது பங்கில் எப்படி வரும்?

ஆனால் நெல்லளவைக்கு வேறு எண் இருக்கிறது. 12 மரக்கால் ஒரு கலம். 12இன் இணைகள் 1 × 12, 2 × 6, 3 × 4. ஒரு கலம் நெல்லை மூவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 4 மரக்கால். ஒரு நெல்மணிக்கும் சண்டையில்லை. பழைய வாய்பாட்டின்படி மரக்காலுக்கு 8 நாழியாக 96 நாழி என்று வைத்தாலும் ஆளுக்கு 32 நாழி. மூவருக்கும் உரிய நிலத்தைத் துண்டாடாமல், விளைச்சலை மட்டும் பங்கிடும் வீட்டில் 12 என்ற எண் அமைதி காக்கிறது.

12ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இவ்வாறு தன்னைவிடச் சிறிய எண்கள் அனைத்தையும் காரணிகளின் எண்ணிக்கையில் வென்று நிற்கும் எண்களைப் பற்றித்தான் கணித மேதை இராமானுசன் 1915ஆம் ஆண்டில் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இலண்டன் கணிதக் கழகத்தின் ஏட்டில் அது வந்தது. அவ்வாய்வுக்காகவே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916இல் அவருக்குப் பட்டம் அளித்தது. அவர் வளர்ந்ததும் பள்ளியில் படித்ததும் நம் கும்பகோணத்தில் அல்லவா? நாம் வகுப்பில் எழுதும் அதே காரணிகள்தாம் அவரையும் ஆட்கொண்டன.

நிலத்தையே மூன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தாலும் வழியில்லாமற் போகவில்லை. ஒரு மாவைச் சதுர அடியாக்கினால் 14,400. மூன்றால் வகுத்தால் 4,800 சதுர அடி; அதாவது 33 குழியும் 48 சதுர அடியும். மிச்சமில்லை. குழிக்குள் ஒளிந்திருக்கும் 12 அடிக் கோல் இங்கே கைகொடுத்துவிட்டது!

புள்ளி இடம் மாறினால்

இன்று "ஒரு மா 33 சென்ட்" என்று பேசுகிறோம். சென்ட் என்பது 435.6 சதுர அடி. 33 சென்ட்டுக்கு 14,375 சதுர அடிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. மாவுக்கு ஏறத்தாழ 25 சதுர அடி விட்டுப்போகிறது. ஒரு மாவில் அது பெரிதாகத் தெரியாது. ஒரு வேலியை இப்படிக் கணக்கிட்டால் 504 சதுர அடி, அதாவது மூன்றரைக் குழி போய்விடும். கல்வெட்டுக் கணக்கர் கடுகளவையும் விடாததன் பொருள் இப்போது விளங்குகிறது.

பட்டாவிலோ அளவு ஹெக்டேரிலும் ஏரிலும் இருக்கும். 100 சதுர மீட்டர் ஓர் ஏர். 100 ஏர் ஒரு ஹெக்டேர். ஒரு மா ஏறத்தாழ 1,338 சதுர மீட்டர்; 13.38 ஏர், 0.1338 ஹெக்டேர். எண்கள் மாறவில்லை, புள்ளி மட்டும் இடம் மாறியிருக்கிறது. புள்ளிக்குப் பின்னே தவறுதலாக ஒரு பூச்சியம் கூடி 0.01338 என்றாகிவிட்டால் ஒரு மா நிலம் பத்துக் குழியாகச் சுருங்கிவிடும்.

ஒரு காலத்தில் ஊரின் நிலக்கணக்கு கணக்கப்பிள்ளை ஒருவர் கையில் இருந்தது. அவர் படித்ததைக் கேட்டு மற்றவர்கள் கைநாட்டு வைத்தார்கள். பரம்பரையாக வந்த அந்தப் பதவி 1980ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஒழிந்து, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பங்குரிமையும் மாறியிருக்கிறது. 1989இல் தமிழ்நாட்டிலும், 2005இல் நாடு முழுவதற்குமாகவும் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்றாயிற்று. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு உரிய 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கே சொல்கிறது. ஆகவே நம்மில் பலருக்கு ஒருநாள் ஒரு தாளை நீட்டி, "இங்கே கையெழுத்துப் போடம்மா" என்பார்கள். அதில் உள்ள எண்ணைப் படிக்கத் தெரியாவிட்டால், சட்டம் கொடுத்த பங்கைக் கணக்கு பறித்துக்கொள்ளும்.

இந்த விடுமுறையில் ஒன்று செய்வோம். வீட்டில் பெரியவர்களிடம், "நம் வயல் எத்தனை மா, எத்தனை குழி?" என்று கேட்போம். சொந்த வயல் இல்லாதவர்கள் வீட்டு மனையின் அளவைக் கேட்கலாம். கட்டம் போட்ட தாளில் அதை வரைந்து, சதுர அடியாகவும் சென்ட்டாகவும் ஏராகவும் மாற்றிப் பார்ப்போம். பட்டாவில் உள்ள எண்ணோடு ஒத்துவருகிறதா என்று சரிபார்ப்போம். ஒத்துவராவிட்டால் அஞ்சாமல், பணிவோடு, ஏன் என்று கேட்போம். பெற்றோர்களும் பொறுமையோடு விடை சொல்ல வேண்டுகிறோம். பிள்ளை கேட்கும் கணக்கு வீட்டுக்கு ஒருபோதும் நட்டமல்ல.